பொட்டு வைத்த அரசிதழ்

பாப்பா, உனக்கு நாற்பத்தெட்டு வயதாகியும் எனக்கு நீ பாப்பாதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் கைப்பேசியிலிருந்து அழைப்பு வந்ததும் "வாங்கிட்டியாடி?" என்றுதான் கேட்டேன். பேசியது ஒரு போலீஸ்காரர். நீ திரும்பி வரும் வழியில் அசாம் ஜாவாவில் பேருந்தை விட்டு இறங்கிச் சாலையைக் கடக்கும்போது லோரி மோதிவிட்டது என்றார்.

இங்கே வந்திருக்கிற, என் தங்கையைத் தெரிந்த உங்களுக்கு அவள் எதற்காகப் போனாள் என்று சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருக்கும் தோட்டம் வேறு கம்பெனிக்குக் கைமாறியதும் புது மேனேஜர் இடுகாட்டுக்கு வேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிட்டார். அது கம்பெனி நிலமாம், எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்களாம். எங்கள் அம்மாவும் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பாப்பா ஆறாம் வகுப்பு வரை படித்தவள். பள்ளிக்கூடம் கூட்டுகிற வேலை. நில அலுவலகத்தில் போய்க் கேட்டாள். அந்த இடத்தை இடுகாடு என்று ஒதுக்கி, அந்தக் காலத்திலேயே அரசிதழில் போட்டிருக்கிறார்களாம்.

"அதெல்லாம் பெரிய ஆளுங்க கையிலதானடி இருக்கும்?"

"இல்லக்கா. கவர்மெண்டு அச்சடிச்சு விக்கிதுலா. நீயும் வாங்கலாம், நானும் வாங்கலாம்."

முதல் தடவை கோலாலம்பூருக்குப் போய் வெறுங்கையோடு வந்தாள். எந்த எண், எந்தத் தேதி என்று அரசாங்க அச்சகக் கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். இவள், "செத்தவங்கள பொதைக்கிற எடத்தப் பத்தினது" என்றிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு நில அலுவலகத்தில் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு மறுபடியும் போனாள். இந்தத் தடவை கொண்டுவந்துவிட்டாள். ஒரே ஒரு தாள்.

வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சாமி மேடையில் வைத்துப் பொட்டு வைப்பேன். இதற்கும் நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் கூடிப்போயிருக்கிறது. நிலத்தின் எண் அச்சடித்திருந்த மூலை ஊறிக் கறையாகிவிட்டது.

மேனேஜர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "நம்பரே தெரியலயே. சுத்தமானதா கொண்டாங்க. திங்கக்கெழமை புல்டோசர் வருது" என்றார். நான் தலை குனிந்து நின்றேன்.

"விடுக்கா" என்றாள் பாப்பா. "ஒண்ணே ஒண்ணா அடிச்சிருப்பாங்க? கேட்டா இன்னொண்ணு தர்றாங்க."

அப்படித்தான் மூன்றாவது தடவை போனாள். போலீசில் அவள் பையை எங்களிடம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் தாள் மடங்காமல் இருந்தது. என் வீட்டுக்காரர் அதை மேனேஜரிடம் கொண்டுபோனார். மேனேஜர் வாசித்துவிட்டு, இடுகாட்டு கேட்டின் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை அம்மா பக்கத்தில் வைத்தோம்.

சுத்தமான தாள் கோயில் அலமாரியில் இருக்கிறது. வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கறை பட்டதை நான் வைத்துக்கொண்டேன்.

பாப்பா, அன்றைக்கு நீ என்னை ஒன்றுமே சொல்லவில்லையே. மனசுக்குள்ளாவது திட்டினாயா?