ஒற்றைச் செருப்பால் எழுதிய உறுதி

சேவியர் அண்ணை சென்ற திங்கட்கிழமை காலை இறந்துபோனார். வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பிடத்தில், மாரடைப்பு. வயது எழுபத்தொன்று. என் சப்பாத்துக் கடையில் ஒரு பெண்மணிக்குக் கால் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது என் அண்ணி அழைத்தார். "தம்பி, சேவியரண்ணை மோசம் போயிட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சப்பாத்தை விற்றுவிட்டுத்தான் கடையைப் பூட்டினேன். என்னை உங்களுக்குத் தெரியும்.

வோபர்னில் அவர் நடத்திய புதன்கிழமை விவிலிய வகுப்புக்கு வந்தவர்களுக்கு அவரையும் தெரியும். அவர் குருவானவர் அல்ல. யூத முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருபது வருடம் சாப்பாட்டுக் கோப்பை கழுவியவர். பால் கோப்பைக்கு ஒரு தொட்டி, இறைச்சிக் கோப்பைக்கு வேறு தொட்டி ஏன் என்று கேட்கத் தொடங்கி, அங்கிருந்த கிழவர்களிடமே பழைய வழக்கங்களையெல்லாம் கேட்டுக் கேட்டுப் படித்தார். "வழக்கம் தெரியாமல் வேதம் வாசிக்கிறது, ஊர் தெரியாமல் விலாசம் வாசிக்கிற மாதிரி" என்பார்.

ஒரு புதன்கிழமை, விதவை ரூத்தின் கதை. இறந்தவனின் நிலத்தை மீட்டு, அவன் பெயர் அழியாமல் காக்கும் கடமை மிக நெருங்கிய உறவினனுடையது. அவனோ தன் சொத்துக்குக் கேடு வரும் என்று மறுத்து, செருப்பைக் கழற்றி அடுத்த உறவினனான போவாசிடம் கொடுத்துவிடுகிறான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒற்றைச் செருப்பை வைச்சு அந்தாள் என்ன செய்யிறது அண்ணை? சோடியாத் தந்தால் விக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

"விக்கிறதுக்கில்லையடாப்பா, சப்பாத்துக்காரா. அதுதான் அவையின்ரை உறுதி. உந்தக் காணியிலை இனி என்ரை கால் படாது, நீ மிதி எண்டு அர்த்தம்."

காணிப் பத்திரத்தை நாமும் உறுதி என்றுதான் சொல்கிறோம்.

அந்தக் குளிர்காலம் என் அண்ணன் இறந்தார். அண்ணியும் மகளும் இருந்த வீட்டின் கடனைத் தொடர, வங்கி இன்னொருவரின் பிணைக் கையெழுத்தைக் கேட்டது. கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். நானோ யூனியன்வில்லில் இரண்டாவது கடைக்கு லோன் கேட்டிருந்தேன். சேவியர் அண்ணை தன் அப்பார்ட்மென்டுக்கு என்னைக் கூப்பிட்டு, கையெழுத்து வைக்கச் சொன்னார்.

"இப்ப ஏலாது அண்ணை. உதிலை கையெழுத்து வைச்சால் என்ரை லோன் போயிடும்."

"ஓம்" என்றார். அவ்வளவுதான். வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துகளில் ஒன்றை நான் மாட்டிக்கொண்டிருக்க, மற்றதை அவரே எடுத்து நீட்டினார். "இந்தா, போட்டுக்கொண்டு போ. வெளியிலை ஸ்னோ."

முதல் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபோதுதான் அந்த ஒற்றைச் சப்பாத்தின் அர்த்தம் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் அவர் கையெழுத்து வைத்தார். எனக்கும் அண்ணனுக்கும் அவர் தூரத்து உறவு. அண்ணிக்குத் தவணைப் பணம் போதாத மாதங்களில் அவரே கட்டினார். அதற்காகத்தான் எழுபது கடந்தும் கோப்பை கழுவினார்.

பிறகொருநாள் வகுப்பில் ஓர் அன்ரி கேட்டார். "ரூத்தின்ரை கதையிலை மாட்டன் எண்டு சொன்ன அந்த ஆளின்ரை பேர் என்ன அண்ணை? தேடினன், காணேல்லை."

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "போடேல்லை. அவரின்ரை பெண்சாதி பிள்ளையள் வாசிச்சால் வெக்கப்படுவினம் எண்டு விட்டிருப்பினம்."

எனக்காகச் சொன்ன சமாதானம் அது. செத்தவன் பெயரைக் காக்க மறுத்தவனுக்குத் தன் பெயர் மிஞ்சவில்லை. கதை சொல்வது அதைத்தான். அவருக்கும் அது தெரியும்.

பார்வைக்கு வைத்த பெட்டியின் கீழ்ப்பாதி மூடியிருந்தது. கால்களைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு ஒரு நல்ல சப்பாத்தாவது கொடுத்தேனா என்று யோசித்தேன். ஒருமுறை, பத்து சதவீத விலைக் கழிவில் விற்றிருக்கிறேன்.

அடக்கம் முடிந்ததும் அண்ணியிடம் போய், மிச்சக் கடனை நான் கட்டுகிறேன் என்றேன்.

"இப்பவோ தம்பி?" என்றார்.

இனி எதை மீட்டாலும் அவரை மீட்க முடியாது. இரண்டு கடை நிறையச் சப்பாத்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் கையால் நீட்டிய அந்த ஒற்றைச் சப்பாத்து மட்டும். சோடியில் மற்றதை எறிந்துவிட்டேன்.

அண்ணியோடு பேசி முடித்தது இது: மாதம் ஆயிரத்து நானூறு டொலர், ஒன்பது வருடம். சேவியர் அண்ணை கையெழுத்து வைத்த இடத்தில் இனி என் கையெழுத்து. வீட்டுறுதி அண்ணன் மகளின் பெயரில். அதில் என் பெயர் எங்கும் வராது.