மண்டபத்தைத் திறந்துவிட்டவர்

கருப்பையா முதலாளி காலமான செய்தி, பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்கு என் மாமியாரின் தொலைபேசி வழியாகத்தான் வந்தது. "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டவர், தொலைபேசியை வைத்தார். பிறகு, "பதுளை மண்டபத்துக்காரர் போயிட்டாரும்மா. சேலைய மாத்து, போவம்" என்றார். சாவு வீடுகளுக்கு முதல் ஆளாகக் கிளம்புகிறவர் அல்லர் அவர். அந்த அவசரத்தின் காரணம் எனக்குப் பேருந்தில்தான் தெரிந்தது.

பதுளையில் அவரை அறியாதவர்கள் குறைவு. பசார் வீதியில் ஹாட்வெயார் கடை, கோயிலுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம், இரண்டு தடவை மாநகர சபை உறுப்பினர், பல வருடங்கள் கோயில் பரிபாலன சபைத் தலைவர். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஓர் அறையில் பிறந்தவர். அதை அவர் மறைத்ததில்லை; மற்றவர்களை மறைக்க விட்டதுமில்லை. புதிதாக யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி, "நீங்க எந்தத் தோட்டம்?" என்பதுதான். நகரத்தில் வீடு கட்டி, தோட்டத்தின் பெயர் வாயில் வராமல் பார்த்துக்கொண்டிருந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தும். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த என் அப்பா, "நாங்க டவுன்தான்" என்பார்.

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தியும் டவுன்தான்."

"அப்ப ஆண்டவன் ஒங்கள நேரா பஸ் ஸ்டாண்டுலயே எறக்கிவிட்டானாக்கும்."

எனக்கு அந்தக் கேள்வி பிடித்ததே இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. மறைப்பவர்கள் எல்லோரும் வெட்கத்தால் மறைப்பதில்லை. விலாசத்தில் தோட்டம் என்று கண்டதும் நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சொந்தமாகக் கடையும் மண்டபமும் உள்ளவருக்குப் பிறந்த லயத்தை உரக்கச் சொல்வது எளிது. இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். "இருக்கலாம்மா" என்றார். கேட்பதை நிறுத்தவில்லை.

மாநகர சபையில் அவர் பேசிய முதல் விஷயம் பெண்களுக்கான கழிப்பறை. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கத் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் பெண்கள், திரும்பிப் போகும்வரை தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அந்தக் கூட்டத்தில் பலர் யோசித்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அது கட்டி முடியும்வரை விடவில்லை. எதிர்த்தரப்பினர் "கக்கூஸ் மெம்பர்" என்று பட்டம் வைத்தார்கள். அவருக்கோ அதில் ஏகப் பெருமை. "சும்மா மெம்பர்னு கேட்டா எவனுக்குத் தெரியும்? கக்கூஸ் மெம்பர் வீடு எங்கன்னு கேளுங்க, கண்ணத் தொறக்காமயே கைகாட்டுவான்" என்பார்.

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன். அது ஓர் ஐப்பசியில், அவருடைய மண்டபத்தில் நடப்பதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பண்டாரவளையில் புடவைக்கடைக்காரர்கள். வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. மணவறைக்குப் பட்டுத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மழை விடவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பகலில், நகருக்கு மேலே ஒரு தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு கண்டது. உடனே வெளியேறச் சொன்னார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் ஏற்கெனவே வேறொரு தோட்டத்து ஆட்களால் நிறைந்திருந்தது. முதலாளி கடை லொறியை அனுப்பி அவர்களை மண்டபத்தில் இறக்கினார். அதன் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். நனைந்த குடையோடு வாசலிலேயே நின்றார்.

"ஐயா, மண்டபத்துல ஆள ஏத்திட்டேன்."

"எந்த ஆள?"

"லயத்து ஆளுங்க. மலை வெடிச்சிருக்கு."

"நாளான்னைக்குத் தாலி கட்டணும். எம்புள்ள கல்யாணந்தான் கெடைச்சுதா ஒங்களுக்கு?"

"மழைகிட்ட நல்ல நாள் பாத்து வான்னு சொல்ல முடியலீங்களே. தாலி கட்டக் கோயில் இருக்குங்க. அந்தப் பச்சப்புள்ளைங்களப் படுக்கவைக்க எடமில்ல."

விஷயம் அதோடு முடியவில்லை. மண்டபத்துக்கு வந்த ஒரு குடும்பத்தில் அந்த வாரம்தான் ஒரு பெரியவர் இறந்திருந்தார். கருமாதி இன்னும் ஆகவில்லை. மணவறை போட்ட இடத்தில் தீட்டுக்காரர்கள் படுத்திருக்கிறார்கள் என்ற பேச்சு எப்படியோ பண்டாரவளைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து ஆள் வந்தது: "சகுனம் சரியில்ல. நிறுத்திக்கிடுவம்." என் அம்மா அழுதார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது மலையும் தெரியவில்லை, குழந்தைகளும் தெரியவில்லை. மணவறை ஏறாமலே கல்யாணம் நின்றுபோன பெண் என்று ஊர் காட்டப்போகும் விரல்தான் தெரிந்தது.

முதலாளி அப்பாவையும் லொறியில் ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனார். அங்கே நடந்ததை அப்பா பிறகு சொன்னார். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். முதலாளி கைகட்டி நின்று, "நான் செஞ்சது சரிங்க. ஆனா ஒங்களக் கேக்காமச் செஞ்சது தப்பு. அதுக்கு எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க" என்றாராம். அவர்களும் குறை வைக்கவில்லை. "மெம்பருக்கு ஓட்டு வேணும்னா எங்க வீட்டு நல்ல காரியத்துலதான் கைவைக்கணுமா?" என்று கேட்டவர் என் வருங்கால மாமியார். வாய்க்கு வாய் பதில் சொல்லும் மனிதர் அன்று தேநீரைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் மாமியாரே, "அந்த மண்டபத்துக்குள்ள நாங்க கால் வைக்க மாட்டம். கோயில்லயே கட்டுங்க" என்று முடித்தார்.

கோயிலில், ஒழுகும் தகரத்தின் கீழே தாலி ஏறியது. விருந்தில் பாதி மண்டபத்துக்குப் போனது. அந்த மலை கடைசிவரை சரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "மெம்பர், ஒங்க மலை இன்னும் நிக்குதே" என்று பசாரில் கேலி செய்தார்கள். "நிக்கட்டும்யா. விழலன்னு எனக்கென்ன வருத்தமா?" என்று போய்விட்டார்.

சாவு வீட்டுக்குப் போகும் வழியில், தெமோதரை தாண்டியதும் மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நான் எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவ. ஒங்க மாமாவைத் தவிர நம்ம வீட்ல யாருக்கும் தெரியாது. முதலாளிக்குத் தெரியும், சின்ன வயசுல எங்க தோட்டத்துக்கு வந்து, எங்கப்பாவோட ஒரே பெரட்டுல பேர் குடுத்து வேல செஞ்சவரு. அன்னைக்கு எல்லார் முன்னுக்கும், நீங்க எந்தத் தோட்டம்னு அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் வாய் அடைஞ்சிருக்கும். கேப்பாரு கேப்பாருன்னு அவரு வாயையே பாத்துக்கிட்டு நின்னேன். கேக்கலையே."

"கேட்டிருந்தா?"

"அங்க வாயடைச்சுப் போனாலும், பொறகு வீம்புக்காச்சும் கல்யாணத்த நிறுத்தியிருப்பேன்."

வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் கேட்ட கேள்வியை, எதிரே இருப்பவரின் வாயை அது கட்டாயம் அடைக்கும் என்று தெரிந்த ஓர் இடத்தில் அவர் கேட்காமல் விட்டிருக்கிறார். இந்தக் கருப்பையா முதலாளியை நான் அறிந்திருக்கவில்லை.

அவரிடம் எனக்கு ஒரு கணக்குத் தீராமல் இருந்தது. சில வருடங்களுக்கு முன், நான் படிப்பிக்கும் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தபோது கேட்டேன். "எல்லார்கிட்டயும் பேசினீங்க. கல்யாணப் பொண்ணு நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே மாமா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "கேட்டிருக்கணும்தான் டீச்சர்" என்றார்.

போன மழையில், நான் உப அதிபராக இருக்கும் பள்ளிக்கூடத்து வாசலில், பாய் தலையணையோடு ஒரு தோட்டத்து ஜனம் வந்து நின்றது. அதிபர் ஊரில் இல்லை. கல்வி அலுவலகத்தில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. பள்ளி மண்டபத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் அவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் இடத்தை எடுக்கப்போகிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்தாள். "எங்களுக்கு விருப்பமில்ல டீச்சர். வீட்ல இருந்து படிக்க ஏலாது. ஆனா கேட்டைத் தொறங்க, புள்ளைங்க நனையுது."

அனுமதி பின்னால்தான் வந்தது. அதற்கு முன் பெற்றோர்கள் வந்து ஏசினார்கள், நின்று கேட்டேன்.

பிள்ளைகளிடம் கேட்டது, அவர் செய்யாமல் விட்டதால் நான் கற்றுக்கொண்டது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் மாட்டோம் என்று சொல்லியிருந்தாலும், நான் அந்தக் கேட்டைத் திறந்திருப்பேன். அது எனக்கு அவர்களிடம் போகும்போதே தெரியும். அந்தப் பிடிவாதம் என்னுடையதல்ல, கருப்பையா முதலாளியுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.