நான் சொன்ன ‘நஹி’

தாராவிக்கு வந்து பத்து வருடமாகியும் அம்மாவுக்கு இந்தி நாக்கில் ஏறவில்லை. ரேஷன் கடையாகட்டும், ஆஸ்பத்திரியாகட்டும், அவளுக்காகப் பேசுவது மூன்றாம் வகுப்புப் படித்த நான்தான். அந்தப் பதவியில் எனக்கிருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

தம்பிக்கு அப்போது ஒன்பது மாதம். தவழ வேண்டிய பிள்ளை போட்ட இடத்திலேயே கிடந்தான். உதடு, உள்ளங்கை எல்லாம் வெளிறியிருந்தன. அப்பா விக்ரோலிக்கு ஷிஃப்டுக்குப் போய்விட்டதால், அம்மாவும் நானும் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்கு நடந்தோம்.

டாக்டரம்மா அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்; வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பால் குடிக்கிறானா, காய்ச்சல் வந்ததா என்று ஒவ்வொன்றாக இந்தியில் விசாரித்தார். நான் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். கடைசியாக, அம்மாவும் அப்பாவும் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களா என்றார்.

அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். ஊரில் அது சாதாரணம். ஆனால் போன மாதம்தான் பள்ளியில் நான் அதைப் பெருமையாகச் சொல்லிவைக்க, “மாமாவோட கல்யாணமா, ச்சீ!” என்று பிள்ளைகள் ஒரு வாரம் என்னை ஓட்டியிருந்தார்கள். இவரும் முகம் சுளித்துவிட்டால்? அம்மாவிடம் கேட்காமலே “நஹி” என்றேன்.

“என்னட்டி கேட்டாவ?”

“ஒண்ணுமில்லம்மா, தம்பி நல்லா தூங்குதானான்னு கேட்டாவ.”

டாக்டரம்மா என் ‘நஹி’யைச் சீட்டில் எழுதிக்கொண்டார். ரத்தம் ரொம்பக் குறைவு, இரும்புச்சத்துப் போதாததால் இருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். அம்மா ஒரு வேளைகூடத் தவறாமல் நான்கு மாதம் ஊட்டினாள். தம்பியோ இன்னும் வெளுத்தான். வயிறு மட்டும் உப்பியது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் வந்தார். அங்கே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டதும், “ஆமா சாப், எங்க அக்கா மவளத்தான் கட்டியிருக்கேன்” என்று இந்தியில் சொன்னார், கூச்சமே இல்லாமல். டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். இது பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறாக இருக்கலாம், சொந்தம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அதற்கான பரிசோதனையை அப்போதே செய்திருப்பார்களே என்றார்.

அப்பா தமிழில் அதைச் சொல்லிவிட்டு, “இல்லன்னு சொன்னது யாருட்டி?” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

“எனக்குத்தான் இந்தி வெளங்கல. நாந்தான் தலையாட்டிட்டேன்.”

“கூறுகெட்டவளே!” என்று அத்தனை பேர் முன்னால் அப்பா கத்தினார்.

அப்பாடா, தப்பித்தேன் என்றிருந்தது எனக்கு. அன்று ஆஸ்பத்திரி வாசலில் அப்பா வாங்கித் தந்த வடாபாவை ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மாதாமாதம் ரத்தம் ஏற்றி, தம்பி ஏழு வயதுவரை இருந்தான். நான்கு மாதம் முன்னால் தெரிந்திருந்தாலும் நோய் மாறியிருக்காது என்று டாக்டர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அப்பா காதில் அது ஏறவில்லை. அவன் போன அன்றும், “ஒன் தலையாட்டல்ல போச்சேட்டி எம்புள்ள” என்று சொல்லித்தான் அழுதார். அம்மா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அம்மா சொன்னது அந்த ஒரு நாளைச் சமாளிக்கச் சொன்ன பொய் என்றுதான் நினைத்தேன். தான் சாகும்வரை அவள் அதைச் சுமக்கப்போகிறாள் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.