கவுன்சிலர் வேலைக்குப் போன இடத்தில்

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கவுன்சிலர் வேலைக்கு இன்டர்வியூ. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

எச்.ஆர். மேனேஜர் அன்பாகத்தான் பேசினார்.

"எங்க புரொடக்‌ஷன் லைன்ல வேலை பாக்கறவங்க எல்லாம் சின்னப் பொண்ணுங்க மேடம். வீட்ட விட்டு வந்து ஹாஸ்டல்ல இருக்காங்க. மனசு விட்டுப் பேச ஒரு ஆள் வேணும்."

பரவாயில்லையே, நம் பக்கமும் இதையெல்லாம் யோசிக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

"யாரு வேலைய விட்டு நிக்கப் போறாங்க, யாரு மத்தவங்கள தூண்டி விடறாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும் இல்லீங்களா? அத வாரா வாரம் எனக்குச் சொல்லிட்டாப் போதும்."

"அவங்க சொல்றத நான் வெளிய சொல்லக் கூடாதுங்க சார்."

"வெளிய எங்க மேடம்? கம்பெனிக்குள்ளதான?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிகூடச் சங்கடம் இல்லை. உளவாளி தேவை என்றே விளம்பரம் கொடுத்திருக்கலாம். அதற்கு எம்.எஸ்சி. எதற்கு?

வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கேட்டருகே, ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, புது கவுன்சிலர் இன்னிக்கு வர்றாங்கன்னு சொன்னாங்க, நீங்கதானா?"

"இல்லம்மா. நான் வரல."

"கொஞ்சம் பேசணும்னு இருந்தேன்க்கா."

எனக்கு மனசு கேட்கவில்லை. என் நம்பரைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடச் சொன்னேன்.

உங்கள் கம்பெனியிலும் கவுன்சிலர் இருக்கிறாரா? அவரிடம் நீங்கள் மனதைத் திறக்கும் முன், அவர் யாரிடம் வாயைத் திறக்கிறார் என்று விசாரித்துவிட்டு வந்து இங்கே சொல்லுங்கள்.