படமரத்துக் காய்ப்பு

ஆண்களுக்கு மார்பில் புற்றுநோய் வருவது அபூர்வம். வந்தவர்களின் விவரத்தை ஊர் ஊராகப் போய் விசாரித்து மருத்துவப் பதிவேட்டில் சேர்ப்பது என் வேலை. பத்துப் பேர் கதை சேர்ந்தால்தான் பதினோராவது ஆளுக்கு எந்த மருந்து கேட்கும் என்று தெரியும்.

ஆரணியில், இறந்துபோன ஒரு பட்டு நெசவாளியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய தம்பி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

“அறுந்த இழைய முடிபோடக் குனியும்போதெல்லாம், துணி சுத்தற படமரம் மார்ல இடிக்கும் சார். அந்தக் காய்ப்புதான்னு நெனச்சிகினு அண்ணன் ரொம்ப நாள் உட்டுட்டாரு,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்க நுரையீரல்னு போட்டுக்குங்க. தெருவுலயும் அப்படித்தான் சொல்லிகினு இருக்கோம். மார்லன்னா, பொம்பளைங்க நோவும்பாங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “செத்தவருக்கு இன்னா வெக்கம்? இப்படி ஆளாளுக்கு மறைச்சா அடுத்தவனுக்கு எப்படி வைத்தியம் பாக்கறது?” என்று கத்தியேவிட்டேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, என் விரலைப் பிடித்துத் தன் மார்பில் வைத்து அழுத்தினார். புளியங்கொட்டை போல் ஏதோ தட்டுப்பட்டது.

“இது காய்ப்புதானுங்களே, சார்?”