சிவப்புப் பேனையும் துஷியின் படங்களும்

கணக்கு வாத்தியார் திருத்தினால் கணக்கு சரியாகும். சித்திர வாத்தியார் திருத்தினால் என்ன ஆகும் என்று, பிள்ளைகளோடு மாரடித்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் சித்திரம் படிப்பித்தவள் நான். சுவிஸில் ஓர்லிகோனுக்கு வந்தபின் கிழமை நாட்களில் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்கினேன். ஊர்ப் பழக்கம் ஒன்று கூடவே வந்திருந்தது. பிள்ளையின் படத்தின் மேலேயே சிவப்புப் பேனையால் திருத்தி, மூலையில் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவேன்.

பத்துக்குச் சைபர்

எண்பத்து நாலில் துஷி வகுப்புக்கு வந்தபோது மூன்று வயது. நீலப் பென்சிலால் தாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கிறுக்கினாள். வாயால் ஒரு இரைச்சலும் போட்டாள். என்ன இது என்று கேட்டேன். ட்ராம் என்றாள். சில்லு எங்கே, யன்னல் எங்கே என்று கேட்டுக்கொண்டே சைபர் போட்டேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னாள்: “அது போயிட்டுது, ரீச்சர்.”

உடம்பில்லாத அப்பா

நாலு வயதில் அப்பாவைக் கீறினாள். பெரிய வட்டம், அதற்குள் இரண்டு கண், ஒரு சிரிப்பு. வட்டத்திலிருந்தே நேராகக் கையும் காலும். கழுத்தும் இல்லை, வயிறும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

காலை அழித்து, கழுத்து வைத்து, நெஞ்சு வைத்து, சேட்டுக்கு ஐந்து பொத்தானும் வைத்துப் பெருமையோடு நீட்டினேன். துஷி கனநேரம் பார்த்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்: “இது ஆர், ரீச்சர்?”

செங்கல் சுவர்

அவளுடைய அப்பா ஒரு ரெஸ்டோரண்டின் கீழ்த்தளத்தில் கோப்பை கழுவினார். ஆறு வயதில் அந்தக் கட்டடத்தைக் கீறினாள். சுவர் இருந்தது, ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. மேலே ஆட்கள் சாப்பிட்டார்கள். கீழே தொட்டிக்கு முன்னால் அப்பா, தலைக்கு மேல் மஞ்சள் பல்ப். அப்பாவின் பிறந்தநாளுக்குக் கொடுக்கப்போகிறாளாம்.

சுவருக்குள்ளால் ஆளைப் பார்க்க ஏலாது என்று விளக்கினேன். அடிமட்டம் வைத்து, மண்ணிறப் பென்சிலால் செங்கல் செங்கலாக அடுக்கி அப்பாவை மூடினேன். எட்டுப் புள்ளியும் கொடுத்தேன். துஷி அழவில்லை. பென்சில்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்: “இப்ப அப்பாவுக்கு இருட்டெல்லோ?”

பெற்றோர் நாள்

அடுத்த மாதம் அவளுடைய கிண்டர்கார்டனில் பெற்றோர் நாள். தாய்க்கு டொச், அதாவது ஜெர்மன் பாஷை, வராது என்பதால் துணைக்கு நானும் போனேன். சுவரில் ஒவ்வொரு பிள்ளையும் சின்னதிலிருந்து கீறின படங்களை வயது வாரியாக ஒட்டியிருந்தார்கள். சுவிஸ் பிள்ளை, இத்தாலியப் பிள்ளை, துருக்கிப் பிள்ளை எல்லோரும் முதலில் கிறுக்கியிருந்தார்கள். பிறகு தலையிலிருந்து கால் முளைத்திருந்தது. பிறகு வீட்டுச் சுவருக்குள்ளால் கட்டிலும் அம்மாவும் தெரிந்தார்கள். துஷியின் பெயருக்கு மேலே மட்டும் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் தென்னைமரம். நான் பலகையில் போட்டு, பார்த்துக் கீறப் பழக்கிய அதே படம்.

ஆசிரியை என்னிடம் தணிந்த குரலில், இது பெரிய ஆளின் படம், துஷி தானாகக் கீறினது ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டா. பல் முளைப்பது மாதிரித்தான் இதுவும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும், அவசரப்படுத்தக் கூடாது என்றும் சொன்னா. என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்ன சொல்லுறா என்று தாய் கேட்டபோது, நல்ல வடிவாம் என்று மொழிபெயர்த்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டா. “எல்லாம் உங்களாலதான், ரீச்சர்.”

வெள்ளைத் தாள்

அன்றே சிவப்புப் பேனையைக் குப்பையில் போட்டேன். ஆனால் துஷி தானாகக் கீறுவதையே நிறுத்தியிருந்தாள். திரும்பக் கீறமாட்டாளா என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். எட்டு வயதில் ஒரு சனிக்கிழமை வெள்ளைத் தாளை முன்னால் வைத்து, விரும்பினதைக் கீறு, நான் தொடமாட்டேன் என்றேன். ஒரு மணித்தியாலம் பென்சிலைப் பிடித்தபடியே இருந்தாள். கடைசியில் தாளை என் பக்கம் தள்ளினாள். அந்தக் குரலில் கோபமே இல்லை.

“நீங்களே கீறுங்கோ, ரீச்சர். பிறகு திருத்தத் தேவையில்லை.”

பேனை இருந்த மூன்று வருஷத்தில் அந்த அறையில் இருந்த பிழைகளையெல்லாம் திருத்தி முடித்தேன், பேனை பிடித்தவளை மட்டும் விட்டுவிட்டு.