டோக்கன் நம்பர் நானூற்றுப் பதினேழு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தனபால் அவர்களின் மனைவி சரோஜா போன் செய்தார். "அண்ணா, அவரு பேங்க்ல உழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறாங்களாம்." நான் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நகைக்கடன் வரிசையில் நிற்கும்போதே மாரடைப்பு. சட்டைப் பையில் சரோஜாவின் செயின், கைக்குட்டையில் சுற்றியபடி இருந்தது.

எங்கள் இரும்பு உருக்காலையின் கேட்டில் வருகை பதியும் டைம் ஆபீஸை முப்பது வருடத்துக்கு மேல் கவனித்தவர் தனபால். கம்பெனி ஆளுக்கொன்றாகத் தந்த டோக்கன் நம்பரைச் சொல்லாமல் அவரது கேட்டைத் தாண்டியவர் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் நம்பரை மறந்துவிட்டேன். "மூஞ்சிய யார் வேணா காட்டலாம், நம்பர் இன்னா?" என்று கேட்டு, மழையில் கால் மணி நேரம் வெளியே நிற்கவைத்தார். ஒருமுறை முதலாளியின் மைத்துனரையே திருப்பி அனுப்பி, மெமோ வாங்கினார். கொஞ்சம் அலட்டல்தான். "கவர்னர்" என்று கிண்டல் செய்வோம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓய்வுக்குப் பிறகு ஆரம்பாக்கத்தில், எனக்கு ஒரு தெரு தள்ளி வீடு. பிள்ளைகள் இல்லை. சரோஜாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். முட்டி ஆபரேஷனுக்கென்றே தனபால் தன் ஓய்வுப் பணத்தைப் பேங்கில் போட்டுவைத்திருந்தார்.

போன வருடம் ஒருவன் போனில் கூப்பிட்டு, ஓய்வுபெற்றவர்களுக்கென்று தனி ஷேர் திட்டம், ஆறே மாதத்தில் இரட்டிப்பு என்றான். தனபால் தன் வழக்கப்படி, "அப்டின்னா என் டோக்கன் நம்பர் இன்னா, சொல்லு" என்று கேட்டார். நானூற்றுப் பதினேழு, டைம் ஆபீஸ் என்று, சேர்ந்த தேதியோடு ஒப்பித்தான் அவன். அவ்வளவுதான், கேட்டைத் திறந்துவிட்டார்; ஆபரேஷன் பணம் முழுவதும் அவன் சொன்ன கணக்குக்குப் போனது. "கம்பெனி ரெக்கார்டு வெச்சிக்கினு பேசறான்யா. ராங் நம்பர் எங்கிட்ட நடக்குமா?" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

கிழவனுக்குப் பேராசை என்று நான் டீக்கடையில் நாலு பேரோடு சேர்ந்து சிரித்தேன்.

அவன் தினமும் காலையில் கூப்பிட்டான். நாஷ்டா ஆயிற்றா, அம்மா முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். நான் விசாரித்ததில்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டுத் தனபால் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முதலில் வரி கட்டுங்கள் என்றான். கட்டினார். பிறகு இன்னொரு வரி. அதற்குத்தான் செயின்.

இனி எழுதக் கை கூசுகிறது. எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குச் செயலாளர் நான். எல்லாருடைய பெயர், டோக்கன், சேர்ந்த தேதி, போன் நம்பர் அடங்கிய பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டவனும் நான்தான். குழுவில் யார் யார் நுழைந்திருந்தார்கள் என்று எனக்கே தெரியாது. நம்பர் கதையைத் தனபால் சொன்ன அன்றே விஷயம் புரிந்துவிட்டது. வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று வாயை மூடிக்கொண்டேன். டீக்கடையில் அத்தனை சத்தமாகச் சிரித்ததும் அதனால்தான்.

புதன்கிழமை காலை, உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அவரது போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"நாஷ்டா ஆச்சா சார்? செயின் வெச்சாச்சா?"

"அவரு செத்துட்டாரு."

"அப்டீங்களா. பணம் இனிமே நாமினிக்குத்தான் சார் வரும். அம்மாகிட்ட குடுங்க."

சரோஜா கையை நீட்டினார். இன்னொரு கையில் அந்தச் செயின். "குடுங்கண்ணா. அந்தப் புள்ள ஒண்ணுதான் தெனம் என் முட்டிய விசாரிக்கும்."

போனை அணைத்தேன். அத்தனை பேர் முன்னாலும் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். சரோஜா சுவரைப் பிடித்து எழுந்து, செயினை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீ பாடையத் தொடாத," என்றார்.

நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். மற்றவர்கள் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். போய் வாருங்கள், தனபால் சார். அன்றைக்குப் போலவே இன்றைக்கும் என்னை வெளியே நிற்கவைத்தது சரிதான்.